பொன்னாவும் சீராயியும் ஒரே தொண்டுப்பட்டியில்

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதே கேள்வியோடு இன்னும் சிலர் எழுதியிருப்பதால், உங்கள் பெயரும் ஊரும் இல்லாமல் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றீர்கள். அதற்கு நன்றி.

கணவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது, மனசு ஆறுகிற மாதிரி ஒரு நாவல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்துக்குக் கீழே, பிறகு சேர்த்தது போல, இன்னொன்றும் இருந்தது. அன்று காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று அவர் சொன்னபோது, ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகச் சொன்னேன், அன்றைக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாரா என்று எழுதியிருந்தீர்கள். என்னால் உடனே பதில் எழுத முடியாமல் போனது அந்தக் கேள்வியால்தான்.

ஏனென்றால் எனக்கும் அது உண்டு. என் மனைவி இறந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. வயிற்றில் ஒரு பக்கம் வலிக்கிறது என்று அவள் சொன்ன மாதம், அதற்கு அடுத்த மாதம், அதற்கும் அடுத்த மாதம் என்று மூன்று மாதத்தை வாயுத் தொந்தரவு என்று தள்ளிப்போட்டவன் நான். ஸ்கேன் எடுத்தபோது காலம் கடந்திருந்தது.

நான் சொல்லப்போவது ஒரு நாவல் இல்லை, இரண்டு. இரண்டையும் எழுதியவர் பெருமாள்முருகன். இரண்டும் நம் கொங்கு மண்ணில், திருச்செங்கோட்டைச் சுற்றி நடப்பவை. ஒன்று ‘ஆலவாயன்’, மற்றது ‘அர்த்தநாரி’. இரண்டையும் 2014இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது.

அவற்றின் முன்கதையான நாவலின் பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’. அதை முன்வைத்து 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும், 2015 ஜனவரியில் அவர் இனி எழுதுவதில்லை என்று அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் நாடறிந்த செய்திகள். அந்தச் சத்தத்தில் பின்னால் வந்த இந்த இரண்டு புத்தகங்களும் நம் பக்கத்தில் காணாமலே போய்விட்டன. கோவையில் இலக்கியம் பேசுகிற கூட்டங்களில்கூட வழக்கைப் பற்றிப் பேசுவோம், நாயகி பொன்னாவைப் பற்றிப் பேசமாட்டோம். இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கதை தெரியாதென்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் காலம். காளி, பொன்னா. கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தையில்லை. ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள், ஆனால் ஊர் விடுவதாக இல்லை. அர்த்தநாரீசுவரர் தேர்த்திருவிழாவின் ஒரு குறிப்பிட்ட இரவில், வேறொருவர் மூலம் பிள்ளை வேண்டிப் பொன்னா மலையடிவாரத்துக்கு அனுப்பப்படுகிறாள். காளிக்குச் சம்மதம் என்று சொல்லித்தான் அவளை அனுப்புகிறார்கள். அது பொய். உண்மை தெரிந்த காளி, மாடு கட்டும் தன் தொண்டுப்பட்டியில் தான் வளர்த்த பூவரச மரத்தடியில் இருப்பதோடு மாதொருபாகன் முடிகிறது. அவன் உயிரை மாய்த்துக்கொண்டானா பிழைத்தானா என்று ஆசிரியர் சொல்லவில்லை.

இரண்டுக்கும் அவர் விடை எழுதினார். ஆலவாயனில் காளி இறந்துவிட்டான், பொன்னா தனியாக நிற்கிறாள். அர்த்தநாரியில் காளி பிழைத்துக்கொண்டான். ஒரே மனிதர்கள், ஒரே மரம், ஒரே இரவு. அங்கிருந்து கதை இரண்டாகப் பிரிகிறது.

இலக்கிய உத்தி என்று இதைப் பாராட்டியும் குறைசொல்லியும் பலர் பேசினார்கள். முதல் முறை படித்தபோது நானும் அப்படித்தான் ஒரு விமரிசகனாகப் படித்தேன். கிளைக்கதைகள் அதிகம், நடை மெதுவாகப் போகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கூட வைத்திருந்தேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். அவள் போன பிறகு இரண்டாவது முறை படித்தபோதுதான் புரிந்தது, இது உத்தியே இல்லை. துணையை இழந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்த இரண்டு நாவலையும் ஒன்றாகத்தான் வாழ்கிறோம். பகலெல்லாம் ஆலவாயன். அவர் இல்லை, பால்காரருக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், மோட்டார் காயில் போய்விட்டது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் அர்த்தநாரி. போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம், அவர் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். நீங்கள் கடிதத்தின் கீழே எழுதிய வரி உங்களுடைய அர்த்தநாரி. என்னுடையதில் முதல் மாதமே ஸ்கேன் எடுத்துவிட்டோம்.

இனிதான் பெருமாள்முருகன் செய்த பெரிய காரியம் வருகிறது. அந்த இரண்டாவது நாவலை அவர் இனிப்பாக எழுதவில்லை. பிழைத்த காளி பொன்னாவை மன்னிப்பதில்லை. பேசுவதில்லை. பேசாமல் இருப்பதையே தண்டனையாகக் கொடுக்கிறான். தொண்டுப்பட்டிக்குள் அவன், வாசலில் அவள். கணவன் உயிரோடு இருந்தும் அவளுக்கு வாழ்வில்லை. நாம் ராத்திரியில் எழுதுகிற நாவலில் பிழைத்து வருகிறவர் சிரித்துக்கொண்டே வருவார், நோய் இருக்காது, கோபம் இருக்காது, கடன் இருக்காது. உண்மையில் அப்படி யாரும் பிழைத்து வருவதில்லை. என் மனைவிக்கு மூன்று மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மருந்து, வாந்தி, முடி கொட்டுதல், ஒருவேளை மீட்சி, ஒருவேளை இதே முடிவு. எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல வைத்துக்கொண்டு இரண்டு வருடம் என்னை நானே அடித்துக்கொண்டிருந்தேன். அர்த்தநாரியைப் படித்து முடித்த அன்று அந்த அடி கொஞ்சம் குறைந்தது. ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

இனி பொன்னாவைப் பற்றி. ஆலவாயனில் அவளுக்கு வெறும் துக்கம் மட்டும் இல்லை, காளிமேல் கோபமும் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டாயே என்ற கோபம். எழவு வீட்டில் இதற்கு இடம் கிடையாது. செத்தவர் தெய்வம், அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் நம் பாட்டிமார்கள் ஒப்பாரியில் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். செத்தவரைப் பெயர் சொல்லித் திட்டுவார்கள், என்னை நட்டாற்றில் விட்டாய் என்று வைவார்கள். அழுகிறவளுக்கு அந்த உரிமை இருந்தது. இன்று மின்மயானத்தில் குறித்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், அந்த உரிமையும் போய்விட்டது. உங்கள் கடிதத்தில் அவர்மேல் ஒரு சொல் கோபம்கூட இல்லை. சர்க்கரை இருந்தும் மாத்திரை ஒழுங்காக எடுக்கமாட்டார் என்று மட்டும் ஓரிடத்தில் எழுதி, அதையும் அடித்திருந்தீர்கள். அடிக்க வேண்டாம் அம்மிணி.

பொன்னாவின் வயிற்றில் பிள்ளை. பக்கத்தில் தாய் வல்லாயி, மாமியார் சீராயி. இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவள் சீராயிதான். சின்ன வயதிலேயே தாலியறுத்து, ஒற்றை மகனைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டைப் பண்ணியவள். இப்போது அந்த மகனையும் பறிகொடுத்துவிட்டாள். மருமகளால்தான் மகன் போனான் என்று அவள் நினைத்திருந்தால் ஊரில் ஒருவரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் மருமகளோடு நிற்கிறாள். தனக்கு ஒருவரும் செய்யாததை இவளுக்குச் செய்கிறாள்.

சீராயியைப் படித்தபோதெல்லாம் என் அம்மாவைப் பெற்ற அமுச்சி நினைவுக்கு வந்தாள். காங்கேயத்துக்குப் பக்கம் ஒரு ஊர். இருபத்தாறு வயதில் வெள்ளைச்சீலை கட்டியவள், எண்பது தாண்டியும் அதையே கட்டியிருந்தாள். எங்கள் வீட்டுக் கலியாணங்களில் அருமைக்காரர் சீர் நடத்தும்போது அமுச்சி முன்னால் வரவே மாட்டாள். சமையல் நடக்கிற பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தேன். “நீங்க நடத்துங்க சாமி, எனக்கு இங்கிருந்தே தெரியுது” என்றாள். அங்கிருந்து பார்த்தால் ஒரு சுவர்தான் தெரியும்.

என் மனைவிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள், ஒரு பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஆம்பள எத்தன நாளைக்குத் தனியா இருப்பீங்க, சோறாக்கிப் போட ஒருத்தி வேணுமல்லொ, கரூர்ப் பக்கம் ஒரு எடம் இருக்குது” என்றார். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. உங்களுக்கு முப்பத்தெட்டு. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டார்களா? பிள்ளைகளுக்காக இருந்துக்கணும் என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். பழைய இலக்கணமே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. தொல்காப்பியம் மனைவியை இழந்தவன் நிலைக்குத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நிலைக்குத் தாபத நிலை என்றும் தனித்தனியே பெயர் வைத்தது. தாபதர் என்றால் தவம் செய்பவர். நோன்பு பெண்ணுக்கு மட்டும். ஆனாலும் புறநானூற்றில் ஒரு சேர அரசன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவியைச் சிதையில் வைத்தபின் தான் இன்னும் பிழைத்திருப்பதை எண்ணி வெட்கப்பட்டுப் பாடியிருக்கிறான், 245ஆம் பாட்டு. மனைவி போன வருடம் அந்த ஏழு வரியை மறுபடி மறுபடி படித்தேன். ஆண் அழுததற்கு ஒரு சாட்சி கிடைத்தது போல இருந்தது.

மேற்கே இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து படி உண்டு, ஒவ்வொன்றாக ஏறி முடித்தால் ஆறிவிடும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால் தங்கிவிட்டவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகுதான். எனக்குப் பொருந்தியது வேறொன்று. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபெ, ஹென்க் ஷுட் என்ற இருவர் 1999இல் எழுதியது. துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே ஊஞ்சல் போலப் போய் வருகிறார், அந்தப் போக்கும் வரவுமே இயல்பு என்கிறார்கள். காலையில் அவர் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன், பதினொரு மணிக்குத் தேங்காய் வியாபாரியிடம் விலைக்குச் சண்டை போட்டேன், எனக்கு மனசே இல்லையா அண்ணா என்று கேட்டீர்களே, இரண்டும் துக்கம்தான். சண்டை போட்டது தப்பே இல்லை. ஆலவாயனில் காடும் மாடும் ஓயாமல் பொன்னாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரம் எழவு பார்த்து வருவதில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய நாவல் என்பதால் அந்த வேலைகளுக்கெல்லாம் நம் சொற்களே கிடைக்கின்றன. கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து 2000இல் அகராதியே போட்டவர் அவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆலவாயன் ஒரு தற்கொலையிலிருந்து தொடங்குகிறது. உங்கள் கணவர் போனது வேறு விதம் என்றாலும், சில பக்கங்கள் உங்களை உலுக்கும். தனியாக ராத்திரியில் படிக்க வேண்டாம். நாமும் போய்விடலாமா என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் 14416க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மனஸ் எண், தமிழிலேயே பேசுவார்கள். வருடம் ஒன்றைத் தாண்டியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, ஒரு வேலையும் ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆறாத துக்கத்தையே ஒரு நோயாகச் சேர்த்து 2022இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டைத் திருத்தியிருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் போனேன்.

இன்னொரு நாவலையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்கள் கடிதத்தின் நடுவே நிலப் பேச்சு வருகிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942. தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். தமிழில் வட்டார நாவலுக்குத் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நாகம்மாளும் தாலியறுத்தவள். கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் ஒரு குழந்தையோடு இருக்கிறாள். என் புருசன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள், அது கொலையில் முடிகிறது. அவளை வாயாடி என்றும் ஊர் குடியைக் கெடுத்தவள் என்றும் படித்துக் கடந்தவர்கள் உண்டு. நாவல் வந்த வருடத்தைப் பாருங்கள். விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை தந்த சட்டம் 1937இல் வந்தது. அது விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கு நீட்டியது 1947இல். ஆக நாகம்மாள் காட்டைக் கேட்ட காலத்தில் அவள் பக்கம் சட்டம் இல்லை. அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்பதற்குக் காரணம், அவளிடம் இருந்தது குரல் மட்டும்தான்.

உங்களுக்கு அந்த நிலை இல்லை. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போனவரின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், அவரைப் பெற்ற தாய்க்கும் சமமான பங்கு. கொழுந்தனார் பத்திரத்தோடு வந்து கையெழுத்துக் கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நீங்களே ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்துத் தெரிந்துகொள்ளும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். துக்கத்தில் இருக்கிறவளிடம் கையெழுத்து வாங்குவது சுலபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்று. மனைவியையும் தாயையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. சொத்து என்று பார்த்தாலும் சரி, இழப்பு என்று பார்த்தாலும் சரி, அவர்மேல் உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு அவரைப் பெற்ற உங்கள் அத்தைக்கும் உண்டு. பத்து மாதமாக அத்தை உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறார், சோறு வைத்தால் தட்டை நகர்த்திவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள்மேல் பழி சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம். சோடா குடிக்கச் சொன்ன காலையை நீங்கள் சுமப்பது போல, அத்தையும் ஏதோ ஒரு காலையைச் சுமந்துகொண்டு திண்ணையில் கிடக்கலாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டதாக இருக்கலாம், அன்று விடியற்காலையில் தண்ணி பாய்ச்சப் போகச் சொன்னதாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டியவர் நீங்கள்தான். வயதில் சின்னவர் என்பதால் சொல்கிறேன்.

அமுச்சியிடம் நான் கேட்கவில்லை. அவள் கணவர் எப்படிச் செத்தார், அன்று என்ன நடந்தது, இருபத்தாறு வயதில் ராத்திரிகளில் என்ன நினைத்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

ராஜவீதியில் விஜயா பதிப்பகம் கடைக்குப் போய்ப் புத்தகங்கள் வாங்கி, இன்று காலை கூரியரில் போட்டிருக்கிறேன். ஆலவாயனை முதலில் படியுங்கள். அர்த்தநாரியை வருட திதி கழிந்த பிறகு எடுங்கள், அதற்கு முன் வேண்டாம். நாகம்மாளை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், சின்னப் புத்தகம்தான். அத்தைக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆலவாயனில் சீராயி வருகிற இடங்களில் சீட்டுக் கிழித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எழுந்து போனால் போகட்டும், மறுநாள் அதே இடத்திலிருந்து படியுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
கோயம்புத்தூர்